நீதிபதி ஆர்ச்பால்டு எந்த நீதிமன்றத்தைச் சேர்ந்தவர்?

வணக்கம். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதி ராபர்ட் ஆர்ச்பால்டின் பெயர் மூன்று நீதிமன்றங்களின் பட்டியலில் இருப்பதால், உங்கள் கட்டுரையில் எதைக் குறிப்பிடுவது என்று கேட்டிருந்தீர்கள். மூன்றுமே சரியானவை. 1901 முதல் பென்சில்வேனியாவின் நடு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் பணியாற்றிய அவரை, 1911-இல் அதிபர் டாஃப்ட் வணிக நீதிமன்றத்துக்கு உயர்த்தினார். மாநிலங்களுக்கிடையிலான வணிக ஆணையம் ரயில் கட்டணங்கள் குறித்து இடும் உத்தரவுகளை ஆராய்வதற்கென 1910-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அந்த நீதிமன்றத்தின் நீதிபதிகள், மேல்முறையீட்டு சர்க்யூட் (பல மாநிலங்கள் அடங்கிய நீதிமன்ற வட்டாரம்) நீதிபதிகளாகவும் நியமிக்கப்பட்டனர். மூன்றாவது சர்க்யூட்டின் பட்டியலில் அவர் பெயர் வருவது அதனால்தான்.

ஆனால் கட்டுரையில் கூடுதல் இடம் பெறவேண்டியது அவருடைய பதவிநீக்கம் என்பது என் கருத்து. தம் நீதிமன்றத்தில் வழக்காடிய ரயில் நிறுவனங்களிடமும் அவற்றைச் சார்ந்த நிலக்கரி நிறுவனங்களிடமும் பதவிச் செல்வாக்கைக் காட்டி, நிலக்கரிக் கழிவுமேடுகளைச் சாதகமான விலைக்குப் பெற முயன்றார் என்பதே குற்றச்சாட்டுகளின் மையம். 1913 ஜனவரி 13 அன்று செனட் 13 குற்றச்சாட்டுகளில் 5-இல் அவரைக் குற்றவாளியெனத் தீர்த்து, பதவியிலிருந்து நீக்கியதோடு, இனிக் கூட்டாட்சிப் பதவி எதையும் வகிக்கவும் தடை விதித்தது. நீதிபதி லஞ்சம் வாங்கியதாக மெய்ப்பிக்காமலேயே, வழக்காடுவோருடன் இத்தகைய பேரம் பேசியதே பதவிநீக்கத்துக்குப் போதுமானது என்று செனட் கொண்டதைத் தவறாமல் எழுதுங்கள். வணிக நீதிமன்றமும் அவ்வாண்டின் இறுதியில் கலைக்கப்பட்டது.