குவாத்தமாலாவின் விடுதலை ஆண்டு: 1821, 1823, 1847?

வணக்கம். குவாத்தமாலா விடுதலை பெற்ற ஆண்டை நூல்கள் 1821, 1823, 1847 என வெவ்வேறாகக் குறிப்பதால், கட்டுரையில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். 1821 என்றே எழுதுங்கள். ஸ்பெயினிடமிருந்து பிரிவதாக அறிவித்தது அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்றுதான். ஆனால், மக்கள் தாமே விடுதலையை அறிவித்துவிட்டால் நேரக்கூடிய விபரீதங்களைத் தவிர்க்கவே அதிகாரிகள் முந்திக்கொள்ள வேண்டும் என்று அந்த விடுதலைச் சாசனத்தின் முதற்கூறே ஒளிவுமறைவின்றிச் சொல்வதையும், ஸ்பானிய ஆட்சியின் தலைமை அதிகாரியாக இருந்த கபினோ கயின்சாவே பதவியில் நீடித்ததையும் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுரைக்கு உயிரூட்டக்கூடிய செய்தி, என் பார்வையில், இதுவே. 1822 ஜனவரியில் மெக்சிகோவுடன் இணைந்த, குவாத்தமாலா உள்ளிட்ட மத்திய அமெரிக்கப் பகுதி, மெக்சிகோவின் பேரரசர் இதுர்பிதேயின் ஆட்சி கவிழ்ந்தபின், 1823 ஜூலை 1 அன்று மத்திய அமெரிக்க ஐக்கிய மாகாணங்களாகத் தனித்து நின்றது. 1847 என்பது, அந்தக் கூட்டமைப்பு சிதைந்த பிறகு அதன் அதிபர் ரஃபேல் கரேரா குவாத்தமாலாவைத் தனிக் குடியரசாக அறிவித்த ஆண்டு.