சமூக அறிவியல் பட்டத்துக்குக் கடன் வாங்கலாமா? – கேள்வி பதில்

கோலாலம்பூரில் கல்விக் கடன் ஆலோசனை செய்கிறேன். நானும் சமூகவியல் பட்டதாரிதான். சமூகவியல், உளவியல், பொருளியல், அரசியல், மானுடவியல் பற்றிக் கேளுங்கள். மருத்துவம், பொறியியல் என் பக்கம் இல்லை.

செந்தூல் அம்மா: மகளுக்குத் தனியார் கல்லூரியில உளவியல் கிடைச்சிருக்கு. மொத்தம் 72,000 வெள்ளி (ரிங்கிட்). 40,000 பிடிபிடிஎன் (அரசாங்கக் கல்விக் கடன்), மீதி பேங்க் லோன். "மாசம் முந்நூறு கூட வராதும்மா"ன்னு ஏஜண்டு சொல்றாரு. கையெழுத்துப் போடலாமா?

இன்றைக்குப் போடாதீங்கம்மா. ஏஜண்டு சொன்னது பிடிபிடிஎன் தவணையை மட்டும்தான். அது சரியான கணக்குதான். 40,000 வெள்ளிக்கு வருடம் 1 விழுக்காடு உஜ்ரா (வட்டிக்குப் பதிலான சேவைக் கட்டணம்), 15 வருடத்துக்கு 6,000. மொத்தம் 46,000. மாதம் 256 வெள்ளி. எந்த பேங்கிலும் இதைவிட மலிவாக ஒரு கடன் உங்களுக்குக் கிடைக்காது.

அவர் சொல்லாதது மீதி 32,000. தனிநபர் கடனை 10 வருடத்துக்கு மேல் இழுக்க முடியாது. 2013-லேயே மத்திய வங்கியான பேங்க் நெகாரா வரம்பு கட்டிவிட்டது. 6 விழுக்காடு என்று வைத்தால் வட்டி மட்டும் 19,200. மாதம் 427. அந்த "6" முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம்வரை போடப்படுவது. நீங்கள் பாதி கட்டி முடித்த பிறகும் முழுசுக்கும் வட்டி ஓடும். உண்மையான வட்டி 10 விழுக்காட்டைத் தாண்டுகிறது. பிடிபிடிஎன் மாதிரி படிப்பு முடியும்வரை காத்திருக்கவும் மாட்டார்கள், அடுத்த மாதமே உங்கள் சம்பளத்தில் கைவைப்பார்கள்.

இரண்டையும் கூட்டினால் மாதம் 683. மகளின் தொடக்கச் சம்பளம் 2,500 என்று வைப்போம். சேமநிதிக்கு 275 போகும், சொக்சோவும் (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) வேலைக் காப்புறுதியும் போகக் கையில் 2,200 சொச்சம். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கடனுக்கே. அறை வாடகை, எல்ஆர்டி ரயில், சாப்பாடு எல்லாம் மீதியில்தான்.

என் கணக்கு ஒன்றுதான். மொத்தக் கடன் ஒரு வருடத் தொடக்கச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. சமூக அறிவியலுக்கு அது 30,000 வெள்ளி.

இன்னொன்று. உளவியல் இளங்கலை முடித்தவுடன் மருத்துவமனையில் உட்கார்ந்து நோயாளியைப் பார்க்கலாம் என்று மகள் நினைத்தால், முடியாது. மருத்துவ உளவியலாளருக்கு முதுகலை வேண்டும், 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவும் வேண்டும். ஆலோசகர் ஆவதற்கு 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின் கீழ் தனிப் பதிவு. ஆக, 72,000 என்பது பாதி வழிக்கான செலவு.

பட்டர்வொர்த் தம்பி: பொருளியலா, அரசியல் அறிவியலா, எதுக்கு சம்பளம் அதிகம் அண்ணே?

பொருளியல். புள்ளியியல் பாடங்களை ஒதுக்காமல் எடுத்தால் இன்னும் நல்லது. அரசியல் அறிவியல் படிப்பவனும் எக்செல், எஸ்பிஎஸ்எஸ் (புள்ளியியல் மென்பொருள்) கற்றுக்கொண்டால் சந்தை ஆய்வு நிறுவனங்களில் நுழையலாம்.

ரவாங் அப்பா: கடன் வேண்டாம்னு சேமநிதிப் பணத்தை எடுத்துக் கட்டலாம்னு இருக்கேன்.

எடுக்கலாம், சேமநிதியின் செஜாத்ரா என்ற பிரிவுக் கணக்கிலிருந்து பிள்ளை படிப்புக்கு அனுமதி உண்டு. ஆனால் 2024-க்கு சேமநிதி கொடுத்த லாப ஈவு 6.3 விழுக்காடு. 1 விழுக்காட்டுக் கடனுக்குப் பயந்து 6.3 சம்பாதிக்கும் பணத்தை எடுப்பீர்களா? பேங்க் லோனைத் தவிர்க்க எடுப்பதானால் அது வேறு கதை.

கிள்ளான் அண்ணன்: இவ்வளவு கணக்கு எதுக்குங்க? என் லாரி கம்பெனியில சமூகவியல் படிச்ச ரெண்டு பேரு கிராணி வேலை பார்க்குறாங்க, 1,900 வெள்ளி. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) மட்டும் முடிச்ச பையனுக்கும் அதேதான் குடுக்குறேன். நாலு வருசம் வீண்.

அண்ணே, குறைந்தபட்ச சம்பளமே 2025-லிருந்து 1,700. அதைவிட இருநூறு கூடக் கொடுத்துவிட்டுப் பட்டத்தைக் குறை சொல்கிறீர்கள்! ஆனால் நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. முதல் இரண்டு மூன்று வருடம் இந்தப் பட்டத்துக்குத் தனி மரியாதை கிடையாது. அதனால்தான் விலையைப் பாருங்கள் என்று கத்துகிறேன். அந்த இருவரும் எங்கே படித்தார்கள், எவ்வளவு கடன்?

கிள்ளான் அண்ணன்: ஒருத்தி மலாயாப் பல்கலைக்கழகம், கடன் கொஞ்சம்தான். இன்னொருத்தன் பிரைவேட், அறுபதாயிரத்துக்கு மேல.

பாருங்கள். ஒரே மேசை, ஒரே சம்பளம். அவள் நாளைக்கே வேலையை விட்டு ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போடலாம், முதுகலை சேரலாம், குறைந்த சம்பளத்துக்கு ஓர் ஆய்வு நிறுவனத்தில் தொழில் பழகலாம். அவனால் உங்கள் லாரி ஆபீசை விட்டு நகர முடியாது. இருவருக்கும் பாடம் ஒன்றுதான். அவனைக் கட்டிப்போட்டது கடன்.

கிள்ளான் அண்ணன்: கவர்மெண்டு வேலையா? நம்ம பிள்ளைங்களுக்குக் குடுக்குறாங்களா?

கதவு குறுகல், மறுக்கவில்லை. ஆனால் பட்டம் இல்லாவிட்டால் கதவே இல்லை. பட்டதாரி நுழைவு முன்பு கிரேட் 41, 2024 டிசம்பரிலிருந்து கிரேட் 9. எஸ்பிஎம்மோடு அதற்கு மனுவே போட முடியாது. என்னிடம் வரும் பிள்ளைகளிடம் எஸ்பிஏ (அரசு வேலைக்கு ஆளெடுக்கும் பொதுச் சேவை ஆணையம்) பதிவு போட்டாயா என்று கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறார்கள். மனுப் போடாதவனுக்கு யார் கொடுப்பார்கள்?

கெலுகோர் தங்கச்சி: நான் யூஎஸ்எம் (பினாங்கு அரசுப் பல்கலை) சமூக அறிவியல் மூணாம் வருசம். கிள்ளான் அங்கிள், எங்க வீட்லயும் இப்படித்தான் சொன்னாங்க. எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) எடுக்குறேன்னதும் "அது கஷ்டம், பெயிலாயிடுவ, பிரைவேட்ல போ"ன்னாங்க. நான் கேக்கல.

நல்ல வேலை செய்தாய். நம் ஆட்களுக்கு எஸ்டிபிஎம் என்றாலே பேய் பயம். மூன்று பருவம், ஒன்றரை வருடம், வீட்டுப் பக்கத்துப் பள்ளியில். தமிழ்மொழியையும் ஒரு பாடமாக எடுக்கலாம். யூபியு (அரசுப் பல்கலைகளுக்கான பொது விண்ணப்ப முறை) வழியாக அரசுப் பல்கலை கிடைத்தால் முழுப் படிப்புக்கும் கட்டணம் பத்தாயிரம் வெள்ளியை ஒட்டித்தான். அந்த ஒன்றரை வருடத்தை மிச்சம் பிடிக்கத் தனியாரில் அறுபதாயிரம் கூடக் கொடுக்கிறோம். உயிரியலில் ஆய்வுக்கூட வசதி அது இதுவென்று ஏதாவது காரணம் சொல்லலாம். சமூகவியலுக்கு என்ன ஆய்வுக்கூடம்?

ஒரு எச்சரிக்கை. அரசுப் பல்கலையிலேயே யூபியு இல்லாமல் முழுக் கட்டணம் கட்டிச் சேரும் தனி வழி உண்டு. பேர் அரசு, விலை தனியார். ஆஃபர் கடிதத்தில் எந்த வழி என்று பாருங்கள்.

கிள்ளான் அண்ணன்: சரி சரி, அந்தப் பிள்ளைக்கு இருநூறு கூட்டித் தர்றேன்.

இரண்டு பேருக்கும் கொடுங்கள்.

பிறை அக்கா: பிடிபிடிஎன் வட்டி எவ்வளவு?

1 விழுக்காடு. செந்தூல் அம்மாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

காஜாங் தம்பி: முதல் வகுப்பு வாங்கினா கடன் தள்ளுபடியா?

விலக்கு உண்டு, தானாக வராது. மனுப் போட வேண்டும், அதற்குக் கடைசித் தேதி உண்டு. யாருக்குப் பொருந்தும் என்ற நிபந்தனை பலமுறை மாறியிருக்கிறது, நீ சேரும் வருட விதியை பிடிபிடிஎன் முகப்பிலேயே கேள். முதல் வகுப்பு வாங்குவேன் என்று நம்பிக் கடனைப் பெரிதாக்காதே.

ஷா ஆலாம் அம்மா: பிடிபிடிஎன் வட்டி பேங்க் மாதிரி ஏறுமா?

இதோடு மூன்றாவது முறை. 1 விழுக்காடு. நிலையானது. அடுத்தது!

அம்பாங் தம்பி: மெக்கானிக்கல் இஞ்சினியரிங் எடுத்தா…

என் துறை இல்லை, முதல் வரியிலேயே சொன்னேன்.

கோம்பாக் அப்பா: ஒரு கல்லூரி 500 வெள்ளி கட்டி இடம் பிடிக்கச் சொல்லுது, நாளைக்குக் கடைசி நாளாம்.

இப்படித்தான் அவசரப்படுத்துவார்கள். தாளின் அடியில் பொடி எழுத்தில் "திருப்பித் தரப்படாது" என்றிருக்கும், தேடிப் பாருங்கள். முதலில் அந்தப் படிப்பு எம்கியூஏ (படிப்புகளை அங்கீகரிக்கும் அரசு முகமை) பதிவேட்டில் இருக்கிறதா என்று படிப்பின் முழுப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். கல்லூரி பதிவாகியிருந்தால் மட்டும் போதாது. பதிவேட்டில் இல்லாத படிப்புக்கு பிடிபிடிஎன்னும் கிடைக்காது.

ஆயர் ஈத்தாம் அம்மா: மகனுக்கு யூஎஸ்எம்ல மானுடவியல் கிடைச்சிருக்கு, யூபியு வழிதான். வீட்டிலிருந்தே போய் வரலாம், கடனும் வேண்டாம்னு தோணுது. சொந்தக்காரங்க "அதுல என்ன வேலை"ன்னு கேக்குறாங்க.

கடனே இல்லாமல் படிக்கிறவனை எதற்குத் தடுக்க வேண்டும்? சேர்த்துவிடுங்கள். முதல் வருடத்திலேயே புள்ளியியல் எடுக்கச் சொல்லுங்கள், விடுமுறையில் எங்காவது ஆய்வு உதவியாளர் வேலை கேட்கச் சொல்லுங்கள். சொந்தக்காரர்கள் ஃபீஸ் கட்டுகிறார்களா?