எம்ஜிபி வாங்கலாம், ஆனால் இப்போது வேண்டாம்

கேள்வி: இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் இருக்கிறேன். எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற பழைய பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் மேல் ரொம்ப நாள் ஆசை. 1972 மாடல் ஒன்று 9,500 பவுண்டுக்கு வருகிறது. ஐசா என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் 18,000 பவுண்டு இருக்கிறது. மனைவியும் வேலைக்குப் போகிறார். இரண்டு குழந்தைகள், வீட்டுக் கடன், மாதச் செலவு 2,500. பழைய கார் விலை ஏறும், லாபத்துக்கு வரியும் இல்லை, இதுவும் முதலீடுதான் என்கிறார் நண்பர். பணத்தை எடுக்கலாமா?

பதில்: ஆசைப்பட்ட காரை வாங்குங்கள். இப்போது வேண்டாம், முதலீடு என்று நினைத்தும் வேண்டாம்.

பிரிட்டனில் பயணிகள் காரை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது, உண்மைதான். ஆனால் நஷ்டம் வந்தால் அதை வேறு லாபத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது. இந்தக் காரில் நஷ்டம் வருவது எளிது, காரணம் துரு.

எம்ஜிபிக்குத் தனி சேஸி, அதாவது அடிச்சட்டம், இல்லை. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான் வண்டியின் முதுகெலும்பு. அது உள்ளுக்குள் அரித்துப்போயிருந்தால், மேலே புதுத் தகட்டை ஒட்டி பெயிண்ட் அடித்து விற்றுவிடுவார்கள், பார்க்கப் பளபளவென்றிருக்கும். வண்டியை ஜாக்கில் தூக்கியதும் கதவு இடித்துத் திறக்க மறுத்தால், பேரமே பேசாமல் வந்துவிடுங்கள். இரண்டு பக்கமும் வெட்டி முறையாக வெல்டிங் செய்யும் செலவு ஆயிரங்களில் போகும். 40 வயது தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்கப்படாத கார்களுக்கு 2018 முதல் எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. அதனால் பல வண்டிகளின் அடிப்பகுதியை அதற்கப்புறம் யாரும் பார்த்ததே இல்லை. வாங்கும் முன் எம்ஓடி எடுத்துத் தரச் சொல்லுங்கள். மறுக்கும் விற்பனையாளரை நான் நம்பமாட்டேன்.

மற்றபடி வைத்துக்கொள்ள இதைவிடச் சுலபமான பழைய கார் குறைவு. எஸ்யூ கார்புரேட்டர் கிட் முதல் முழு பாடிஷெல் வரை புதிதாகவே கிடைக்கிறது. வாகன வரி இல்லை, வருடாவருடம் அந்த விலக்குக்குப் பதிவு மட்டும் செய்ய வேண்டும். பெட்ரோலில் எத்தனால் குறைவான ஈ5 சூப்பர் போடுங்கள், சாதாரண ஈ10-இல் அதிகமாக உள்ள எத்தனால் பழைய ரப்பர் ஹோஸ்களைக் கெடுக்கும். இன்ஷூரன்ஸில் காரின் மதிப்பை முன்கூட்டியே பேசி முடிவுசெய்யும் பாலிசியாகக் கேளுங்கள். இல்லையென்றால் விபத்துக்குப் பிறகு அவர்கள் சொல்வதுதான் விலை.

இனி உங்கள் கணக்கு. இரண்டு சம்பளம் வருவதால் நான்கு மாதச் செலவு, அதாவது 10,000 பவுண்டைத் தொடாமல் வையுங்கள். மீதி 8,000. காருக்கு 9,500, முதல் வருடப் பழுதுக்கு 2,500, ஆக 12,000 வேண்டும். மாதம் 400 சேர்த்தால் பத்து மாதத்தில் வந்துவிடும். குறையும் 4,000-க்குக் கடன் வாங்காதீர்கள். ஐசாவிலிருந்து எடுக்கும்போது அது ஃப்ளெக்ஸிபிள் வகையா என்று பாருங்கள். இல்லையென்றால் திருப்பிப் போடும் தொகை, ஐசாவில் வருடத்துக்குப் போடக்கூடிய 20,000 பவுண்டு வரம்பில்தான் சேரும்.

அதற்குள் இந்த 1972 கார் கைமாறிவிடலாம். போகட்டும். 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி, அடுத்தது வரும். குளிர்காலத்தில் தேடுங்கள், திறந்த கார் வாங்க அப்போது போட்டி குறைவு.