பூனையோடு வாடகை வீடு: வீட்டுக்காரர் மறுத்தால் என்ன செய்யலாம்?

கேள்வி: தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் ஒரு மாடி போர்ஷனில் மூன்று வருடமாகக் குடியிருக்கிறோம். வாடகை 7,500, அட்வான்ஸ் 40,000. கணவருக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை, வார விடுமுறைக்குத்தான் வருவார். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர், குடும்பத்தோடு கீழே இருக்கிறார். போன ஐப்பசி மழையில் படிக்கட்டுக்கு அடியில் நனைந்து கிடந்த பூனைக்குட்டியை என் மகள் எடுத்து வந்தாள். இப்போது அது வீட்டில் ஒருவராகிவிட்டது. ஆனால் ஐயாவுக்குப் பிடிக்கவில்லை. பதினோரு மாத அக்ரிமென்ட் முடிகிறது. பழைய அக்ரிமென்டில் பிராணிகளைப் பற்றி எதுவும் இல்லை. புதிதாகப் போடும்போது ‘வளர்ப்புப் பிராணிகள் கூடாது’ என்று சேர்க்கப் போகிறாராம். “பூனை இருந்தால் மாடிக்குத் தண்ணீர் மோட்டார் போட மாட்டேன், காலி பண்ணுங்க” என்றும் சொல்லிவிட்டார். செல்லப்பிராணியை யாரும் தடுக்க முடியாது என்று விலங்கு நல வாரியமே சொல்லியிருப்பதாக வாட்ஸ்அப்பில் படித்தேன். அது உண்மையா? எதுவும் முடியாவிட்டால் பூனையைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடலாமா?

பதில்: முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தி. அதில் பாதிதான் உண்மை. இந்திய விலங்கு நல வாரியம் 2015-இல் ஒரு சுற்றறிக்கை விட்டது. குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பான்மை ஓட்டுப் போட்டால்கூட வளர்ப்பு நாய்களுக்குத் தடை விதிக்க முடியாது என்கிறது அது. அது சங்கங்களுக்குச் சொன்னது. தன் சொந்த வீட்டை வாடகைக்கு விடும் ஒருவர், புது ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை கேட்பதை அந்தச் சுற்றறிக்கையைக் காட்டித் தடுக்க முடியாது. உயிர்களிடம் கருணை காட்டுவது குடிமகனின் கடமை என்று அரசியல் சட்டம் 51ஏ பிரிவு சொல்கிறது. அதையும் பேச்சில் எடுத்துச் சொல்லலாம், ஆனால் அதை வைத்து அவரை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைக்க முடியாது. இதை முதலிலேயே சொல்லக் காரணம், அந்தச் செய்தியை நம்பி ஐயாவிடம் சட்டம் பேசினால் அவர் ஒரு வக்கீலைப் பார்ப்பார், அந்த வக்கீல் நான் இப்போது சொன்னதையேதான் அவருக்குச் சொல்வார்.

அதற்காக உங்களுக்குப் பாதுகாப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 1960-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2019 பிப்ரவரி முதல் நடப்பில் இருப்பது 2017-ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் சட்டம். நகராட்சிக்குள் இருக்கும் உங்கள் வீட்டுக்கு அது பொருந்தும். அந்தச் சட்டப்படி, ‘காலி பண்ணுங்க’ என்று வாயால் சொன்னவுடன் நீங்கள் சாமான் கட்ட வேண்டியதில்லை. நீங்களாகப் போகாவிட்டால், அவர் வாடகை நீதிமன்றத்துக்குப் போய், 21-ஆம் பிரிவில் உள்ள ஏதாவது ஒரு காரணத்தைக் காட்டி உத்தரவு வாங்க வேண்டும். பூனை வளர்ப்பது அந்தக் காரணங்களில் ஒன்று இல்லை. வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவதை, அதாவது அக்கம்பக்கத்துக்குத் தொல்லை தருவதை, கட்டிடத்துக்குச் சேதம் செய்வதை, நோட்டீஸ் கொடுத்த பிறகும் தொடர்ந்தால் அது காரணமாகும். வீட்டுக்குள் சுத்தமாக இருக்கும் ஒரு பூனையை அந்த வரிக்குள் கொண்டுவருவது கஷ்டம். கதவு முழுக்க நகக் கீறல், படிக்கட்டில் நாற்றம் என்று ஆகிவிட்டால் கொண்டுவருவது சுலபம்.

தண்ணீர் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் தெளிவாக நிற்கிறது. வாடகைதாரரை வழிக்குக் கொண்டுவரத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதை 20-ஆம் பிரிவு தடை செய்கிறது. அப்படி நடந்தால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரைத்தான் இந்தப் பொறுப்பில் மாவட்ட ஆட்சியர் நியமிக்கிறார். விசாரணை முடியும்வரை தண்ணீர் விடச் சொல்லி அவர் இடைக்கால உத்தரவும் போடலாம். ஆனால் ஐயா இதுவரை சொன்னது கோபத்தில் வந்த பேச்சு மட்டும்தானே? மோட்டாரை உண்மையிலேயே நிறுத்தும்வரை இந்த மனுவை எடுக்காதீர்கள். ஒரே காம்பவுண்டுக்குள் இருந்துகொண்டு மனுக் கொடுத்த பிறகு பூனைக்குச் சம்மதம் கேட்க முடியாது.

உங்கள் பக்கம் இருக்கும் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் இருப்பதே 21-ஆம் பிரிவில் ஒரு காரணம். அதனால் ‘கையெழுத்துப் போடாமல் இழுக்கலாம்’ என்று பக்கத்து வீட்டில் யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதைவிட மோசம், ‘பிராணிகள் கூடாது’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பூனையை உள் அறையில் ஒளித்து வளர்ப்பது. ஒப்பந்தத்தை மீறியதற்கு நீங்களே ஆதாரம் எழுதிக் கொடுத்ததாகிவிடும். கீழ்வீட்டில் இருப்பவருக்குப் பூனை சத்தம் எத்தனை நாள் கேட்காமல் இருக்கும்? சிறு பிள்ளைதான் அந்தப் பொய்யைச் சுமக்க வேண்டிவரும். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆக, அந்த ஒரு வரியை மாற்றி எழுத வைப்பதுதான் உங்கள் வேலை. அதற்கு ஐயா எதற்குப் பயப்படுகிறார் என்று முதலில் கேளுங்கள். நம் ஊர்ப் பக்கம் வாடகைக்கு விடுபவர்கள் பூனை வேண்டாம் என்பதற்குப் பெரும்பாலும் நாலைந்து காரணங்கள்தான் இருக்கும். மொட்டை மாடியில் காயும் புளியிலும் ராகியிலும் அசிங்கம் செய்துவிடும். தேக்குக் கதவைப் பிறாண்டும். ஆண் பூனை சுவரோரம் சிறுநீர் பீய்ச்சும். பூனை முடியால் நோய் வரும். காலையில் வெளியே கிளம்பும்போது குறுக்கே வந்தால் சகுனம் சரியில்லை. கடைசிக் காரணத்தில் உங்களுக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம், ஆனால் அவரிடம் அதைப் பற்றி வாதாடாதீர்கள். ‘பூனை படியிறங்கவே இறங்காது ஐயா’ என்ற ஒரே வாக்குறுதியில் சகுனமும் புளியும் ராகியும் ஒன்றாகத் தீர்ந்துவிடும்.

அந்த வாக்குறுதியைக் கேட்கப் போகும் முன்பே நிறைவேற்றி வையுங்கள். ஜன்னலுக்கும் பால்கனிக்கும் கழற்றக்கூடிய வலை அடியுங்கள். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 108-ஆம் பிரிவுப்படி உரிமையாளர் சம்மதம் இல்லாமல் நிரந்தரக் கட்டுமானம் எதுவும் செய்யக்கூடாது, கழற்றி எடுக்கும் வலை அதில் சேராது. சுவரில் ஆணி இறக்குவதாக இருந்தால் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கதவுப் பக்கம் போகாமல் இருக்க, சணல் கயிறு சுற்றிய கட்டை ஒன்றை வைத்துப் பழக்குங்கள். ஐப்பசியில் குட்டி என்றால் இந்நேரம் கருத்தடை செய்யும் வயது வந்திருக்கும். ஆண் பூனையாக இருந்தால் சிறுநீர் பீய்ச்சும் பழக்கம் இதில் பெருமளவு குறையும், பெண்ணாக இருந்தால் வீட்டில் குட்டிகள் பெருகாது. வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, தேதி எழுதிய அட்டையைக் கால்நடை மருத்துவரிடம் வாங்கி வையுங்கள். வருடாவருடம் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

கீழ்வீட்டில் கர்ப்பிணிப் பெண் யாராவது இருந்தால் பேச்சு நிச்சயம் நோயில்தான் வந்து நிற்கும். அந்தப் பயத்தை அலட்சியம் செய்யாதீர்கள், அதில் விஷயம் இருக்கிறது. டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலம் வழியாகப் பரவக்கூடியது. ஆனால் மலத்தில் வெளியேறிய பிறகு அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை ஆகும். மணல் தட்டைத் தினமும் நீங்களே சுத்தம் செய்து, பச்சை இறைச்சி கொடுக்காமல், எலி பிடிக்க வெளியே விடாமல் வளர்த்தால் அந்த ஆபத்து மிகவும் குறைந்துவிடும். இதை நீங்கள் சொல்வதைவிட, அவர்கள் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கணவர் வரும் ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து கீழே போங்கள். ஐயா மட்டும் இருக்கும்போது பேசாமல், அவர் மனைவியும் கூட இருக்கும்போது பேசுங்கள். தடுப்பூசி அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடமாக வாடகை தவறவில்லை என்பதை ஒரு முறை நினைவூட்டினால் போதும். அப்புறம் பணம். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத பட்சத்தில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது சட்டம். நீங்கள் அதற்கும் மேலேயே கொடுத்திருக்கிறீர்கள். அதனால் கூடுதல் அட்வான்ஸ் என்று பேச்சை ஆரம்பிக்க வேண்டாம். ‘பூனையால் வரும் சேதத்தை ஏற்கனவே உள்ள அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள், காலி செய்யும்போது எங்கள் செலவில் வெள்ளையடித்துத் தருகிறோம்’ என்று சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால் வெள்ளையடிப்பது உரிமையாளர் பொறுப்பு. அந்தச் செலவை நீங்கள் ஏற்பது அவருக்கு உண்மையான லாபம்.

அவர் தலையாட்டினால் அன்றே இந்த வரியைக் காட்டுங்கள்: ‘இரண்டாம் தரப்பினர், தடுப்பூசி போடப்பட்டு கருத்தடை செய்யப்பட்ட ஒரே ஒரு பூனையை மாடி வீட்டுக்குள் மட்டும் வளர்த்துக்கொள்ள முதல் தரப்பினர் சம்மதிக்கிறார். படிக்கட்டு, மொட்டை மாடி, கீழ்ப்பகுதி ஆகிய இடங்களுக்குப் பூனையை விடக்கூடாது. பூனையால் கதவு, சுவர், தரைக்கு ஏற்படும் சேதத்தை இரண்டாம் தரப்பினர் சரிசெய்ய வேண்டும். தவறினால் உரிய தொகையை முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம். புகார் இருந்தால் முதல் தரப்பினர் எழுத்தில் தெரிவித்து, சரிசெய்ய முப்பது நாள் அவகாசம் தர வேண்டும்.’ கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நாளைக்கு ஒரு சின்ன மனஸ்தாபத்தில் திடீரென்று ‘காலி பண்ணு’ என்று வராமல் தடுப்பது அதுதான். வருடம் முழுக்கச் சம்மதம் தர அவர் தயங்கினால் மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கையெழுத்தான ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். அரசின் இணையதளத்திலேயே செய்யலாம், பதிவு எண் தருவார்கள். அதே நாளில் கதவு, ஜன்னல், சுவர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஐயாவின் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிடுங்கள். பழைய கீறலுக்கும் சேர்த்து அட்வான்ஸில் பிடித்தம் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் அவர் முடியாது என்றால் வழக்குப் போட உங்களுக்கு வழியில்லை. வேறு வீடு தேட இரண்டு மூன்று மாத அவகாசம் கேளுங்கள், அதையும் எழுத்தில் வாங்குங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று 11-ஆம் பிரிவு சொல்கிறது. அடுத்த வீடு பார்க்கும்போது பூனை இருப்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

எங்காவது விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவில் குற்றம். அபராதம் சிறியதுதான், ஆனால் வீட்டுச் சோற்றில் வளர்ந்த பூனைக்குப் பைபாஸ் ரோட்டில் பிழைக்கத் தெரியாது. வேறு வழியே இல்லையென்றால் தெரிந்த ஒரு குடும்பத்திடம் தடுப்பூசி அட்டையோடு ஒப்படையுங்கள். கோபத்தில் யாராவது பூனைக்கு விஷம் வைத்தால், பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. அந்த நிலை வந்தால் மட்டும் பேச்சுவார்த்தைக்குக் காத்திருக்காமல், கால்நடை மருத்துவரின் சான்றோடு நேராகக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.