வாசிக்காத பேஸ் கிட்டாரை விற்றுக் கடனை அடைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 39. பத்து ஆண்டுகளுக்கு முன், ஓர் இசைக்குழுவில் வாசித்துக்கொண்டிருந்தபோது, ஃபெண்டர் ஜாஸ் பேஸ் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். பிறகு செலவு செய்து, தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பிக்அப்களையும் மாற்றினேன். குழந்தை பிறந்தபின் குழுவிலிருந்து விலகிவிட்டேன். இப்போது ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் அதைப் பெட்டியிலிருந்து எடுக்கிறேன். ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயரும் இருக்கிறது. கிரெடிட் கார்டு கடன் ஒன்று இரண்டு ஆண்டுகளாகக் குறையாமல் நிற்கிறது. வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம். கிட்டாரை விற்றால் ஏறக்குறைய அந்தக் கடன் தீரும். "பழைய கிட்டார்களின் விலை ஏறும், விற்காதே" என்கிறார் நண்பர். விற்றுவிட்டால் இனி வாசிக்கவே மாட்டேனோ என்ற பயம் எனக்கு. என்ன செய்வது?

பதில்: விற்றுவிடுங்கள். கடன் இல்லாத ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், வைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்லியிருப்பேன். பெட்டிக்குள் இருக்கும் பேஸ் கிட்டார் சம்பளம் கேட்பதில்லை. காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் உள்ள அறையில் வைத்து, எப்போதாவது தந்தி மாற்றினால் போதும். உங்கள் வீட்டில் அது சும்மா இருக்கவில்லை. அதன் பெயரில் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். சந்தையில் இதன் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். பேரம், விற்பனைத் தளத்தின் கட்டணம், அனுப்பும் செலவு எல்லாம் போக உங்கள் கைக்கு 80 வரலாம். கார்டில் நிற்கும் 80-க்கு ஆண்டு வட்டி 19.20. இன்று விற்று, மனம் மாறி அடுத்த ஆண்டு இதே மாதிரியை 100 கொடுத்துத் திரும்ப வாங்கினால்கூட உங்களுக்கு நட்டம் 20தான். அதாவது, ஓர் ஆண்டு விற்காமல் வைத்திருப்பதற்கும், விற்றுவிட்டு ஓர் ஆண்டு கழித்து வாங்குவதற்கும் செலவு கிட்டத்தட்ட ஒன்றே. நீங்களோ ஏற்கெனவே இரண்டு ஆண்டுகள், சுமார் 38 கட்டிவிட்டீர்கள்.

நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அவர் மனத்தில் இருக்கும் கிட்டார்கள் வேறு. ஜாஸ் பேஸ் 1960-இல் அறிமுகமானது. 1965-இல் லியோ ஃபெண்டர் தம் நிறுவனத்தை சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்துக்கு விற்றார். அதற்கு முன் செய்யப்பட்டு, வண்ணமும் பாகங்களும் மாறாமல் தப்பிய கருவிகளைத்தான் சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். உங்களுடையது பத்து வயதுக் கருவி. அதே வகை இன்றும் புதிதாகக் கிடைக்கும்போது, பயன்படுத்தியதன் விலை புதியதன் விலைக்குக் கீழேதான் நிற்கும். 24 சதவீத வட்டியை அது முந்த வேண்டுமென்றால் மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டும். அப்படி நடக்கும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை.

இனி அந்தப் பயம். 1990-இல் கானமன், நெட்ச், தேலர் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வகுப்பில் பாதி மாணவர்களுக்குக் காப்பிக் கோப்பைகளைக் கொடுத்தார்கள். கோப்பை கையில் இருந்தவர்கள் கேட்ட விலை, இல்லாதவர்கள் கொடுக்க முன்வந்ததைப் போல் இரு மடங்கு. சற்று முன் கைக்கு வந்த கோப்பைக்கே அப்படியென்றால், மேடையில் தோளில் தொங்கிய கருவிக்கு எப்படி இருக்கும்! எனவே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: கிட்டார் இல்லை, கையில் 80 இருக்கிறது, கடனும் இருக்கிறது. அந்தப் பணத்தோடு இன்று கிட்டார் கடைக்குப் போவீர்களா? போவேன் என்று உங்கள் மனம் தயங்காமல் சொன்னால் எனக்கு மீண்டும் எழுதுங்கள். வேறு வழி தேடுவோம்.

வாசிப்பு உங்கள் விரல்களில் இருக்கிறது. நான்கு தந்தி, அதிரும் தந்தியின் நீளம் 34 அங்குலம் என்ற அமைப்பு எளிய விலைக் கருவிகளிலும் அதேதான். ஃபெண்டரின் விலை குறைந்த ஸ்குவயர் வகையே அதற்குச் சான்று. கடன் தீர்ந்தபின், இதுவரை வட்டிக்குப் போன தொகையை மட்டும் மாதந்தோறும் தனியே போட்டு வந்தால் ஒன்றரை ஆண்டில் சுமார் 29 சேரும். ஒருவர் பயன்படுத்திய எளிய பேஸ் ஒன்றைத் தேடத் தொடங்க அது போதும். இசை உங்களை விட்டுப் போகவேண்டும் என்று நான் விரும்பவில்லை. கடனோடு அது பிணைந்து கிடப்பதைத்தான் விரும்பவில்லை.

விற்கும்போது பழைய பிக்அப்களைத் தேடியெடுத்து மீண்டும் பொருத்துங்கள். நீங்கள் மாற்றியவற்றுக்காகக் கிட்டாரை வாங்குபவர் கூடுதலாகத் தருவது அரிது. தனியாக விற்றால் அவற்றுக்கும் ஒரு விலை உண்டு. விளம்பரங்களில் கேட்கப்படும் விலையை நம்பாமல், உண்மையில் விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். புதுத் தந்தி போட்டு, கழுத்தின் வளைவைச் சரிசெய்து, தொடர் எண்ணையும் கீறல்களையும் ஒளிக்காமல் படமெடுங்கள். கடைக்காரர் உடனே பணம் தருவார், ஆனால் தம் லாபத்துக்கு இடம் விட்டே விலை சொல்வார். நேரடியாக விற்க இரண்டு மாதம் ஆனாலும், அதற்கான வட்டி 3.20தான், கடையில் இழப்பது பெரும்பாலும் அதைவிட மிக அதிகம். இரண்டு மாதத்தில் போகவில்லையென்றால் விலையைக் குறையுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது கிட்டார் அல்ல, இரண்டு ஆண்டுகளாகக் குறையாத அந்தக் கடன். மாதந்தோறும் கட்டியும் குறையவில்லை என்றால், ஒன்று, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறீர்கள். அல்லது ஒரு பக்கம் கட்டிக்கொண்டே மறுபக்கம் அதே கார்டில் வாங்குகிறீர்கள். இதைச் சரிசெய்யாமல் விற்றால், அடுத்த ஆண்டு கடனும் இருக்கும், கிட்டாரும் இருக்காது. அந்த நிலைக்கு நீங்கள் வரவே கூடாது. இன்றே கடைசி மூன்று மாத அறிக்கைகளை விரித்துவைத்து, புதிதாக ஏறிய ஒவ்வொரு தொகையையும் கோடிடுங்கள். கடன் தீரும்வரை கார்டு பணப்பையில் இருக்க வேண்டாம். கிட்டார் பணம் வந்த அன்றே, வேறு கணக்குக்குப் போகாமல் முழுதும் கார்டுக்குப் போகட்டும். மீதி நிற்கும் சிறு தொகையைச் சம்பளத்திலிருந்து முடித்துவிடுங்கள்.

ஆம்ப்ளிஃபயரை விற்க வேண்டாம். பழைய சிறிய ஆம்ப்ளிஃபயருக்குப் பெரிய விலை கிடைக்காது, கனமான பொருளை அனுப்பும் செலவே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அடுத்த கிட்டார் வரும்போது அது தேவைப்படும்.