கை விரலில் வந்த மருவை வீட்டிலேயே நீக்க முடியுமா?

முடியும், ஆனால் பொறுமை வேண்டும். விரலில் சொரசொரப்பாக, நடுவில் கரும்புள்ளிகளோடு இருக்கும் மரு எச்பிவி வைரஸால் வருவது. அந்தக் கரும்புள்ளிகளை வேர் என்பார்கள். உண்மையில் அவை ரத்தம் அடைத்துக்கொண்ட நுண்ணிய குழாய்கள். கழுத்தில் மெல்லிசாகத் தொங்குவது வேறு சங்கதி, அதற்கு இந்த வைத்தியம் பொருந்தாது.

நம் ஊரில் முதலில் சொல்வது அம்மான் பச்சரிசிச் செடியின் பால். அடுத்து சுண்ணாம்பு. சுண்ணாம்பு சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்துப் புண்ணாக்கும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரிய வம்பு. பூண்டை நசுக்கி இரவு முழுக்கக் கட்டி வைத்தால் கொப்புளம்தான் மிச்சம்.

வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் போட்டதும் உதிர்ந்தது என்பவர்கள் பொய் சொல்லவில்லை. குழந்தைகளின் மருக்களில் பெரும்பாலானவை 2 ஆண்டுகளுக்குள் தானாகவே மறைந்துவிடும்.

காத்திருக்க முடியாது என்றால், மருந்துக்கடையில் 17 சதவீத சாலிசிலிக் ஆசிட் கேளுங்கள். ராத்திரி விரலை வெந்நீரில் 5 நிமிடம் ஊறவைத்து, வெளுத்த மேல்தோலை உப்புக்காகிதத்தால் லேசாகத் தேய்த்து எடுங்கள். சுற்றிலும் வாசலின் தடவி, மருவின் மேல் மட்டும் ஒரு சொட்டு. காய்ந்த அப்புறம் பிளாஸ்திரி. 12 வாரம்கூட ஆகலாம். தேய்த்த காகிதத்தை உடனே எறிந்துவிடுங்கள். நகத்தால் பிய்த்தால் பக்கத்து விரலுக்கும் பரவும்.

சர்க்கரை நோய் இருந்தாலோ, மரு முகத்திலோ பிறப்புறுப்பிலோ இருந்தாலோ இதைத் தொடவே வேண்டாம், நேராகத் தோல் டாக்டரிடம் போங்கள்.