டென்வருக்கு வேலை மாற்றல்: ஸ்கீ பேட்ரோலில் தொண்டூழியராகச் சேர முடியுமா?

செங்காங்கிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 27. தேசிய சேவையைக் குடிமைத் தற்காப்புப் படையில், ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராகச் செய்து முடித்தவர். ஜனவரியில் கம்பெனி அவரை 3 ஆண்டுகளுக்கு டென்வருக்கு அனுப்புகிறது. "இரண்டு முறை ஜப்பானின் நிசேக்கோ போய்ப் பனிச்சறுக்கு பழகியிருக்கிறேன் அண்ணே. அங்கே கொலராடோ மலைகளில் ரோந்து போய், அடிபட்டவர்களுக்கு உதவும் ஸ்கீ பேட்ரோலில் பலர் சம்பளம் வாங்காத தொண்டூழியர்களாமே? என்னைச் சேர்த்துக்கொள்வார்களா? இங்கே வாங்கிய முதலுதவிச் சான்றிதழ் செல்லுமா?" என்று கேட்கிறார்.

சேரலாம் தம்பி. ஆனால் வந்து இறங்கிய குளிர்காலத்திலேயே நடக்காது, அதற்கு அடுத்ததைக் குறிவையுங்கள். நான் அங்கே வேலை பார்த்த காலத்தில் ஆறு சீசன் வாரயிறுதிகளில் இந்தப் பணியைச் செய்தவன், அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இந்த வேலை எதற்காக என்று பார்த்துவிடுவோம். 1936இல் மைனாட் டோல் என்பவர் வெர்மான்ட்டில் உள்ள ஸ்டோவில் சறுக்கும்போது கணுக்காலை முறித்துக்கொண்டு, உதவி வரும்வரை குளிரில் கிடந்தார். கடைசியில் ஒரு கூரைத் தகரத்தில் படுக்கவைத்துத்தான் கீழே இழுத்து வந்தார்கள். அன்று அவருக்கு உதவிய நண்பர் ஃபிராங்க்ளின் எட்சன், கொஞ்ச நாளில் ஒரு சறுக்குப் போட்டியில் அடிபட்டு இறந்துபோனார். அந்த இரண்டு சம்பவங்களும் டோலை விடவில்லை. 1938இல் அவர் தொடங்கியதுதான் நேஷனல் ஸ்கீ பேட்ரோல். இன்று அதில் 30,000க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலானோர் தொண்டூழியர்கள். அடிபட்டவரை மேலும் அடிபடாமல் கீழே கொண்டுவந்து சேர்ப்பதுதான் பணியின் மையம். மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருவது: காலையில் கூட்டம் வருவதற்குள் ஆபத்தான இடங்களில் மூங்கில் கழியும் கயிறும் கட்டுவது, சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றும் நாற்காலி லிஃப்ட் நின்றுபோனால் அந்தரத்தில் தொங்குகிறவர்களைக் கயிறு போட்டு இறக்குவது, மாலையில் ஒவ்வொரு சரிவையும் வரிசையாகச் சறுக்கி, கூப்பிட்டுக்கொண்டே வந்து, யாரும் மேலே விடுபடவில்லை என்று உறுதிசெய்வது. பெரிய பனிச்சரிவு வராமல் தடுக்க, முன்கூட்டியே வெடி வைத்துப் பனியைச் சரியவிடுவதைப் புதிதாக வந்தவர்களிடம் தர மாட்டார்கள்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சிபிஆர் அட்டையும் ஆம்புலன்ஸ் அனுபவமும் பெரிய பலம், ஆனால் அவை மட்டும் போதாது. அங்கே அவுட்டோர் எமர்ஜென்சி கேர் என்று தனிப் பயிற்சி, சுருக்கமாக ஓஇசி. ஏறத்தாழ 100 மணி நேரம் பிடிக்கும். பல இடங்களில் கோடையின் கடைசியில் தொடங்கி, சீசன் திறப்பதற்குள் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகும் வருடா வருடம் புதுப்பிப்புப் பயிற்சி உண்டு. எலும்பு முறிவு, தலைக்காயம், அதிர்ச்சி, ஆக்ஸிஜன் கொடுப்பது என்று பாதிக்கு மேல் உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கும். மாறுவது இடம்தான். இங்கே புளோக்கின் கீழே ஆம்புலன்ஸ் நிற்கும், லிஃப்டில் ஸ்ட்ரெச்சரை ஏற்றி இறக்கிவிடுவீர்கள், காயத்தைப் பார்க்கத் துணியை வெட்டத் தயங்க மாட்டீர்கள். அங்கே மைனஸ் 15இல் ஒருவருடைய காற்சட்டையை வெட்டித் திறந்தால் காயத்தைவிடக் குளிர் வேகமாக அவரைத் தாக்கும். எதைத் திறப்பது, எவ்வளவு நேரம் திறப்பது, எதைத் தொட்டுப் பார்த்தே முடிவு செய்வது என்பதைத்தான் அந்த 100 மணி நேரத்தில் கை பழகுகிறது. தடித்த கையுறையோடு பட்டையைக் கட்டுவதும் ஒரு பாடம்தான், முதல் வாரத்தில் அழுகை வரும்.

அப்புறம் சறுக்குவது. நிசேக்கோ இரண்டு முறை என்றால், மன்னிக்கவும் தம்பி, போதாது. வேகம் யாருக்கும் வேண்டாம். மலையின் எந்தச் சரிவிலும், எந்தப் பனியிலும், மெதுவாக, நினைத்த இடத்தில் நிற்கிற கட்டுப்பாடு வேண்டும். ஸ்கீயைக் குறுக்காக வைத்துப் பக்கவாட்டில் வழுக்கி இறங்குவதை இரண்டு பக்கமும் பழகுங்கள், பார்க்க அழகாக இருக்காது, ஆனால் தேர்வில் இதைத்தான் உற்றுப் பார்ப்பார்கள்.

ஏனென்றால் அடுத்து வருவது டொபாகன், மீட்புச் சறுக்குவண்டி. முன்னால் இரண்டு நீளக் கைப்பிடிகள் இருக்கும், அவற்றுக்கு நடுவில் நீங்கள் நின்று இறங்க வேண்டும். சரிவு கடுமையாக இருந்தால் பின்னால் ஒருவர் கயிற்றைப் பிடித்து வருவார். முதலில் வெறும் வண்டி, பிறகு ஆள் ஏற்றிய வண்டி, பிறகு மேடுபள்ளம், பிறகு கண்ணாடி மாதிரி இறுகிய பனி. ஆளைப் படுக்கவைப்பதிலும் கணக்கு இருக்கிறது: பொதுவாக அடிபட்ட பகுதி மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும், அதனால் கால் முறிந்தவருக்குத் தலை கீழ்ப்பக்கம் வரும்.

எங்களை ஓட்டவிடுவதற்கு முன்னால் பயிற்சியாளர் ஒவ்வொருவரையும் அதில் படுக்கச் சொன்னார். கம்பளி, அதன் மேல் தார்ப்பாய், நான்கு பட்டைகள், இரண்டு கையும் உள்ளே. வானம் மட்டும்தான் தெரிந்தது. ஓட்டுகிறவரின் ஸ்கீ கீறிய பனித்தூள் முகத்தில் வந்து விழுகிறது, துடைக்கக் கை இல்லை. ஒவ்வொரு சின்ன மேடும் பின்மண்டையில் தட்டுகிறது. வண்டி எப்போது திரும்பும், எப்போது நிற்கும் என்று தெரியாத அந்தப் பயம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நான் இறக்கிய ஒவ்வொருவரிடமும், "இப்போது இடது பக்கம் திரும்புகிறேன், கொஞ்சம் குலுங்கும்" என்று சொல்லிக்கொண்டேதான் இறங்கினேன்.

சரி, உங்கள் கணக்கு இப்படி அமையலாம். வந்ததும் ஒரு மலையை முடிவுசெய்து, ஏப்ரல்வரை வாரம் தவறாமல் சறுக்குங்கள், வகுப்பும் எடுங்கள். பல பேட்ரோல்கள் புதியவர்களுக்கான சறுக்குத் தேர்வை வசந்தத்தில்தான் வைக்கும், அந்தத் தேதியை ஜனவரியிலேயே கேட்டு வைத்துவிடுங்கள். இலையுதிர்காலத்தில் ஓஇசி, இரண்டாவது குளிர்காலத்தில் டொபாகன். 3 ஆண்டு ஒப்பந்தம் என்பதால்தான் சேரச் சொல்கிறேன், ஓராண்டு என்றால் வேண்டாம் என்றிருப்பேன். சறுக்கு கைகூடவில்லை என்றாலும், அடிவாரத்து முதலுதவி அறைக்கு ஆள் தேடுகிற பேட்ரோல்கள் உண்டு. உங்கள் அனுபவத்துக்கு அது குறைவான இடமில்லை, மூட்டு விலகியவரும் கட்டைவிரல் பிசகியவரும் அங்கேதான் வந்து சேர்வார்கள்.

சம்பளம் இல்லை. சறுக்குவதற்கான பாஸ் பெரும்பாலும் கிடைக்கும். ஸ்கீ, பூட்ஸ் உங்கள் செலவு, ஆண்டுச் சந்தாவும் கட்ட வேண்டும். சீசனுக்கு எத்தனை நாள் வர வேண்டும் என்பது மலைக்கு மலை மாறும், சேரும் முன் கேளுங்கள்.

விசா விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். சம்பளமில்லாத பணியாக இருந்தாலும், உங்கள் விசாவில் அது செல்லுமா என்று கம்பெனியின் குடிநுழைவு வழக்கறிஞரிடம் எழுத்தில் பதில் வாங்கிவிட்டே விண்ணப்பியுங்கள்.

உடம்பையும் தயார்செய்யுங்கள். புக்கிட் தீமா குன்று 163 மீட்டர், கொலராடோவின் அரபஹோ பேசின் சறுக்கு மலையின் அடிவாரமே 3,200 மீட்டருக்கு மேல். முதல் வாரங்களில் தலைவலியும் மூச்சுவாங்கலும் வரும், நிறையத் தண்ணீர் குடித்து மெதுவாக ஏறுங்கள். கிளம்பும்வரை புளோக் படிக்கட்டில் ஏறி இறங்குங்கள், இறங்குவதுதான் முக்கியம், தொடை அதில்தான் உறுதியாகும். சேவைக் காலத்துப் பயிற்சிப் பதிவுகளின் நகலையும் மறக்காமல் பெட்டியில் வையுங்கள், ஓஇசி பயிற்றுநர் முதல் நாளே கேட்கக்கூடும்.